அவசரப் பிரிவுப் பணியாளர் பாதுகாப்பு: அதைத் தலித் உரிமைக் கேள்வியாக ஏன் பார்க்க வேண்டும்?

மருத்துவமனைத் தாக்குதல்கள் குறித்த பொது விவாதம் நம் நாட்டில் பெரும்பாலும் ஒரே வழியில்தான் செல்கிறது. பெருநகர மருத்துவமனை ஒன்றில் கொடுமை நிகழ்கிறது. மருத்துவர்கள் பணியைப் புறக்கணித்துப் போராடுகின்றனர். கடுமையான சட்டம் வேண்டும் என்ற குரல் எழுகிறது. சில வாரங்களில் எல்லாம் அடங்கிவிடுகிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் இரவுப் பணியிலிருந்த முதுநிலைப் பயிற்சி மருத்துவர் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் பாலாஜி ஜெகநாதன் கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர் அங்கு சிகிச்சை பெற்றிருந்த பெண் ஒருவரின் மகன். இரு நிகழ்வுகளுமே நாட்டை உலுக்கின. அவற்றைத் தொடர்ந்து கண்காணிப்புக் கருவிகள், காவல் ரோந்து, உடன் வருவோருக்கு அடையாளப் பட்டை என்று அரசுகள் சில நடவடிக்கைகளை அறிவித்தன.

இந்த விவாதங்களில் இரண்டு செய்திகள் இடம்பெறவே இல்லை. முதலாவது, அவசரப் பிரிவின் வாசலில் கூட்டத்தை முதலில் எதிர்கொள்பவர் மருத்துவர் அல்லர். தள்ளுவண்டி தள்ளுபவரும், தரையில் சிந்திய குருதியைத் துடைப்பவரும், வாயிற்காவலரும், 108 ஊர்தியின் ஓட்டுநருமே அங்கு நிற்கின்றனர். இவர்களில் பலர் ஒப்பந்தப் பணியாளர்கள். துப்புரவுப் பணியில் இருப்போரில் பெரும்பாலோர் தலித் மக்கள். இரண்டாவது, வன்கொடுமைக்கு உள்ளான ஒருவரின் வழக்கு காவல் நிலையத்தில் தொடங்குவதாக நாம் எண்ணுகிறோம். பல நேரங்களில் அது அவசரப் பிரிவின் மேசையில்தான் தொடங்குகிறது. அந்த மேசை அச்சத்தில் இயங்கினால் வழக்கும் அங்கேயே பலவீனமடைகிறது. எனவே, அவசரப் பிரிவுப் பணியாளரின் பாதுகாப்பு மருத்துவர் சங்கங்களின் கோரிக்கையாக மட்டும் இருந்துவிட முடியாது. அது நம் கோரிக்கையாகவும் ஆக வேண்டும்.

கெங்குவார்பட்டியிலிருந்து கானாவிலக்கு வரை

சிறிய ஊர் ஒன்றிலிருந்து இதைப் பார்ப்பது தெளிவு தரும். கெங்குவார்பட்டி தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில், மஞ்சளாறு அணைக்கு அருகே, மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் சூழ அமைந்திருக்கிறது. வத்தலகுண்டிலிருந்து தேவதானப்பட்டி வழியாகப் பெரியகுளம் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூர் வழியே போகிறது; கொடைக்கானல் மலைச்சாலை பிரியும் இடமும் தொலைவில் இல்லை. சுற்றுலா வாகனங்களும் சரக்கு லாரிகளும் இரவு பகலாக ஓடும் சாலை இது. தோட்ட வேலைக்குச் செல்லும் கூலித் தொழிலாளர்களும் இதே சாலையில்தான் பயணம் செய்கின்றனர்.

இவ்வூரில் ஒருவர் நள்ளிரவில் வெட்டுக்காயத்தோடு கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே வத்தலகுண்டு அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அது திண்டுக்கல் மாவட்டம். மேற்கே பெரியகுளத்தில் தேனி மாவட்டத்தின் தலைமை மருத்துவமனை இருக்கிறது. காயம் கடுமையாக இருந்தால் பெரியகுளத்தையும் தேனியையும் கடந்து, கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கிருந்தும் மேல்சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பப்படுவோர் உண்டு.

ஒவ்வோர் இடமாற்றத்திலும் நேரம் கரைகிறது. உடன் வருவோரின் பதற்றம் பெருகுகிறது. ‘இங்கே பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்’ என்ற ஒற்றை வரியைத் தவிர அவர்களுக்கு வேறு விளக்கம் கிடைப்பதில்லை. எங்கே அனுப்புகிறார்கள், ஏன் அனுப்புகிறார்கள், அங்கே படுக்கை உண்டா, மருத்துவர் காத்திருக்கிறாரா என்பதைச் சொல்வதற்கென்று ஓர் ஆள் இல்லை. சிறு மருத்துவமனைகளின் இரவுப் பணியில் மருத்துவர் ஒருவரே பிரசவம், பாம்புக்கடி, விபத்து அனைத்தையும் கவனிக்க நேர்கிறது. கோபம் வெடிக்கும்போது அது அருகில் நிற்பவர் மீது விழுகிறது. பணியாளரைத் தாக்குவதை எந்தத் துயரமும் நியாயப்படுத்தாது. எனினும் தாக்குதல் உருவாகும் சூழலைப் பேசாமல் தண்டனையை மட்டும் பேசினால் அடுத்த தாக்குதலைத் தடுக்க இயலாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, சுகாதாரப் பணியாளரில் 8 முதல் 38 விழுக்காட்டினர் தம் பணிக்காலத்தில் ஏதேனும் ஒரு கட்டத்தில் உடல் ரீதியான வன்முறைக்கு உள்ளாகின்றனர். உலகத் தொழிலாளர் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுச் செவிலியர் மன்றமும் பொதுச் சேவைத் தொழிற்சங்கங்களின் பன்னாட்டு அமைப்பும் 2002ஆம் ஆண்டிலேயே சுகாதாரத் துறை வன்முறைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. வன்முறையைத் தனிமனிதக் கோபமாக மட்டும் பார்க்காமல், பணியிட அமைப்பின் குறைபாட்டோடு இணைத்துப் பார்க்கும் அணுகுமுறை அவற்றில் இருக்கிறது.

விபத்துப் பதிவேடு ஏன் முக்கியம்?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அடிதடி, வெட்டு, விபத்து என்று வருவோரின் விவரங்களை அவசரப் பிரிவு மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். நீதிமன்ற வளாகங்களில் ‘ஏ.ஆர். காப்பி’ என்று சொல்லப்படுவது இதன் படியே. காயமுற்றவர் வந்த நேரம், அழைத்து வந்தவர், நினைவோடு இருந்தாரா, காயம் எப்படி ஏற்பட்டதாகச் சொன்னார், தாக்கியவர்கள் எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எவ்வகை ஆயுதம், காயங்கள் எங்கே, அவற்றின் அளவு என்ன ஆகிய அனைத்தும் அதில் பதிவாகின்றன. பிறகு காவல் நிலையத்துக்குத் தகவல் செல்கிறது. சிகிச்சைக்குப் பின் தரப்படும் காயச் சான்றும் இந்தப் பதிவையே அடித்தளமாகக் கொள்கிறது.

வன்கொடுமை வழக்கின் விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தேடுவது இந்தத் தாளைத்தான். முதல் தகவல் அறிக்கையில் நான்கு பேரின் பெயர் இருக்கும். விபத்துப் பதிவேட்டில் ‘தெரியாத நபர்கள்’ என்று இருக்கும். அல்லது ‘கீழே விழுந்ததாகக் கூறுகிறார்’ என்று எழுதப்பட்டிருக்கும். குறுக்கு விசாரணை அந்த ஒரு வரியைச் சுற்றியே நடக்கும். தாக்கியவர் யார் என்று விசாரிப்பது மருத்துவரின் கடமையன்று, உயிரைக் காப்பதே முதற்கடமை என்று உச்ச நீதிமன்றம் 1985ஆம் ஆண்டு பட்டிபாட்டி வெங்கய்யா வழக்கில் கூறியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு நமக்குத் துணை நிற்கிறது. ஆனாலும் பதிவேட்டில் தவறாக எழுதப்பட்ட ஒரு சொல்லை விசாரணை நீதிமன்றத்தில் விளக்கித் தீர்ப்பது எளிதன்று.

காயத்தின் தன்மையும் அவ்வாறே. சாதாரணக் காயம் விளைவித்தலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 115(2) ஓராண்டு வரை சிறை விதிக்கிறது. கொடுங்காயம் என்றால் பிரிவு 117(2) ஏழாண்டு வரை விதிக்கிறது. எலும்பு முறிவைப் பதிவு செய்வதா, ‘சிறு காயம்’ என்று எழுதி அனுப்பிவிடுவதா என்ற முடிவு இரவு இரண்டு மணிக்கு, களைத்துப்போன ஒரு மருத்துவரின் கையில் இருக்கிறது.

இனி அந்த அறையின் சூழலை எண்ணிப் பார்ப்போம். சாதி மோதல் நிகழும்போது இரு தரப்புக் காயமுற்றவர்களும் ஒரே அவசரப் பிரிவுக்கே வருகின்றனர். ஒரு தரப்பில் இருவரோ மூவரோ உடன் வந்திருப்பர். மறுதரப்பில் உள்ளூர்ச் செல்வாக்குடையோர் திரண்டு நிற்பர். ‘என்ன எழுதுகிறீர்கள்?’ என்று மேசையைச் சூழும் கூட்டத்தின் முன் மருத்துவர் தனித்து அமர்ந்திருக்கிறார். கதவில் ஒரு காவலர்கூட இல்லை. அந்த நிலையில் அவர் எழுதும் சொல் உண்மையாக இருக்க வேண்டுமென்றால், அவர் அச்சமின்றி இருக்க வேண்டும். மருத்துவருக்கான பாதுகாப்பு காயமுற்ற தலித்துக்கான நீதியோடு இணையும் இடம் இதுவே.

கெங்குவார்பட்டி போன்ற எல்லையோர ஊர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காயமுற்றவர் வத்தலகுண்டில் சேர்க்கப்பட்டால் தகவல் மாவட்டம் கடந்து தேனி மாவட்டக் காவல் நிலையத்துக்குச் செல்ல வேண்டும். ‘இது எங்கள் எல்லை அல்ல’ என்ற பதில் இனி சட்டப்படி செல்லாது. குற்றம் எங்கு நிகழ்ந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173 வெளிப்படையாகக் கூறுகிறது.

முதல் அடி யார் மீது விழுகிறது?

2023 மே 10 அன்று கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில், காயத்துக்குக் கட்டுப்போடக் காவல்துறையினர் அழைத்து வந்த ஒருவர் பயிற்சி மருத்துவர் வந்தனா தாஸைக் குத்திக் கொன்றார். காவலர் உள்ளிட்ட வேறு சிலரும் காயமுற்றனர். அதன்பின் கேரள அரசு, 2012ஆம் ஆண்டின் தன் சட்டத்தை அவசரச் சட்டம் வழியாகத் திருத்தியது. அத்திருத்தம் தண்டனையைக் கூட்டியதோடு நிற்கவில்லை. துணை மருத்துவ மாணவர்கள், பாதுகாவலர்கள், நிர்வாகப் பணியாளர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், உதவியாளர்கள் ஆகியோரையும் பாதுகாப்பு வளையத்துக்குள் பெயர் சொல்லிக் கொண்டுவந்தது. விசாரணையை 60 நாள்களுக்குள் முடிக்கவும் காலவரை வைத்தது.

இந்தப் பெயர் சொல்லல் மிக முக்கியமானது. பல மாநிலச் சட்டங்களின் பொதுவான வரையறை மருத்துவர், செவிலியர், மருத்துவ மாணவர், செவிலிய மாணவர், துணை மருத்துவப் பணியாளர் என்ற வரிசையில் அமைந்திருக்கிறது. ஒப்பந்த நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் இருக்கும் துப்புரவுப் பணியாளர் இந்த வரிசையில் எங்கே நிற்கிறார் என்ற கேள்வியை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுப்பவே செய்வார். 2025 ஆகஸ்டில் துறையூரில் அரசியல் கட்சிக் கூட்டம் ஒன்றுக்குள் சென்ற 108 ஊர்தியின் பணியாளர்கள் தாக்கப்பட்டனர். அப்போது சுகாதாரத் துறை 2008ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டிக்காட்டியே எச்சரிக்கை விடுத்தது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் அரசின் எச்சரிக்கை அறிக்கை சட்டத் திருத்தத்துக்கு ஈடாகாது. நீதிமன்றம் படிப்பது சட்டத்தின் சொற்களைத்தான்.

பணி நிலைமைகளையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, காவல், நோயாளிகளை இடம் மாற்றும் பணிகள் பெருமளவில் வெளிநிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த ஊதியத்தை முழுமையாகத் தர வேண்டும், பிடித்தம் செய்த வருங்கால வைப்பு நிதிக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பவை இப்பணியாளர்களின் போராட்டங்களில் ஓயாமல் ஒலிக்கும் கோரிக்கைகள். 108 ஊர்திப் பணியாளர்கள் 12 மணி நேரப் பணியை எட்டு மணி நேரமாக்கக் கோரி வருகின்றனர். தொகுப்பூதியச் செவிலியர் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடியதை நாம் மறந்திருக்க மாட்டோம். மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஆராய்ந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, பயிற்சி மருத்துவர்களின் பணி வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. 74 மணி நேரம் என்பதே சலுகையாகப் பேசப்படும் துறை இது.

களைப்பும் நிலையற்ற வேலையும் வன்முறையை இருவகையில் வளர்க்கின்றன. களைத்தவரால் பொறுமையாக விளக்க இயலாது. நாளை வேலை இருக்குமா என்று அஞ்சுபவரால் புகார் கொடுக்க இயலாது. கன்னத்தில் அறை வாங்கிய துப்புரவுப் பணியாளர், மேற்பார்வையாளரிடம் சொன்னால் ‘பிரச்சினை பண்ணாதே’ என்ற பதிலே வரும் என்பதை அறிந்திருப்பதால் வாய் திறப்பதில்லை. இவ்வாறு பதிவாகாத தாக்குதல்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் சேர்வதில்லை.

இரு சட்டங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்

தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பணியாளர்கள், மருத்துவ நிறுவனங்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. காவல்துறையினர் ‘48/2008’ என்று சுருக்கமாகக் குறிப்பிடும் சட்டம் இதுவே. உடலில் அடிபட வேண்டும் என்பதில்லை. அச்சுறுத்துவதும் பணிக்கு இடையூறு செய்வதும்கூட இதன்கீழ் வன்முறையே. குற்றம் பிணையில் விட முடியாதது. பத்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. ஆர்.ஜி.கர் நிகழ்வுக்குப் பின் உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 20 அன்று அமைத்த தேசியப் பணிக்குழு, 24 மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் ஏற்கெனவே இருப்பதைச் சுட்டி, தனி ஒன்றியச் சட்டம் தேவையில்லை என்று அறிக்கை அளித்தது. அந்த முடிவோடு முரண்படுவோர் உண்டு. ஆயினும், தமிழ்நாட்டைப் பொறுத்தவரை சட்டம் இல்லாதது நம் சிக்கல் அல்ல. இருக்கும் சட்டம் யாருக்காக எடுக்கப்படுகிறது என்பதே சிக்கல்.

தாக்கப்பட்ட பணியாளர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்து, தாக்கியவர் அவ்வாறு இல்லாதவராக இருந்தால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தக்கூடும். அதன் கூறுகளை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது, பிரிவு 3(1)(ஆர்) பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதிப்பதையும் மிரட்டுவதையும் குற்றமாக்குகிறது. பிரிவு 3(1)(எஸ்) சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றமாக்குகிறது. பொதுமக்கள் பார்வை என்பதை 2008ஆம் ஆண்டின் ஸ்வரண் சிங் வழக்கிலும் 2020ஆம் ஆண்டின் ஹிதேஷ் வர்மா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. நான்கு சுவருக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது நடந்தது இதில் அடங்காது. பலர் வந்துபோகும் அவசரப் பிரிவு அத்தகைய மூடிய அறை அன்று. எனவே அங்கிருந்த பிற நோயாளிகளின் உறவினர்கள் நமக்கு முக்கியமான சாட்சிகள்.

இரண்டாவது, பிரிவு 3(2)(வி.ஏ.) சட்டத்தின் அட்டவணையில் கூறப்பட்ட காயம் விளைவித்தல், மிரட்டல் போன்ற குற்றங்களைப் பாதிக்கப்பட்டவரின் சாதியை அறிந்து செய்தால் பொருந்துகிறது. ‘அவர் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது’ என்பது வழக்கமான எதிர்வாதம். பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றம் சாட்டப்பட்டவர் நேரடியாக அறிந்திருந்தால், எதிராக நிரூபிக்கப்படும் வரை சாதியையும் அறிந்திருந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும் என்று பிரிவு 8(சி) கூறுகிறது. இன்னார் மகன் இன்ன தெரு என்று எல்லோரும் எல்லோரையும் அறிந்திருக்கும் சிற்றூர்களில் இந்த அனுமானம் பெரும் பலம்.

மூன்றாவது, விதி 7இன்படி விசாரணை அலுவலர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். 60 நாள்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். பிரிவு 15ஏ பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உரிய பாதுகாப்பையும் தகவல் பெறும் உரிமையையும் தருகிறது. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரைப் பிரிவு 4 தண்டிக்கிறது.

நடைமுறையில் நிகழ்வதோ வேறு. மருத்துவரும் துப்புரவுப் பணியாளரும் ஒரே கூட்டத்தால் தாக்கப்பட்டால், நிர்வாகம் கொடுக்கும் புகாரில் மருத்துவர் பாதிக்கப்பட்டவராக இருப்பார்; துப்புரவுப் பணியாளர் சாட்சிகளின் பட்டியலில் இருப்பார். அவரைச் சாதி சொல்லித் திட்டியது புகாரில் இடம்பெறாது. முதல் தகவல் அறிக்கை 2008ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நின்றுவிடும். புகார் எழுதும் நேரத்திலேயே ஒவ்வொரு பணியாளரின் வாக்குமூலமும் தனியே பதிவாக வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

சட்டம் ஏழைகளுக்கு எதிராகத் திரும்பும் இடம்

அவசரப் பிரிவுக்கு வருவோரிலும் நம் மக்கள் ஏராளம். தனியார் மருத்துவமனைக்குச் செல்ல வழியற்றோர்தாம் அரசு மருத்துவமனையில் நள்ளிரவு வரை காத்திருக்கின்றனர். ‘டாக்டர் எப்போது வருவார்?’ என்று குரல் உயர்த்திக் கேட்டதையே பணிக்கு இடையூறு என்று எழுதி, பிணையில் விட முடியாத வழக்கைப் போடும் ஆபத்தும் இதே சட்டத்தில் இருக்கிறது. பணியாளரின் பாதுகாப்புக்காகப் பேசும் நாம் இதையும் மறைக்காமல் பேச வேண்டும்.

எந்த மருத்துவமனையும் உயிராபத்தில் உள்ளவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டு பரமானந்த் கடாரா வழக்கில் தீர்ப்பளித்தது. 1996ஆம் ஆண்டின் பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி வழக்கு, ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் சேக் என்ற விவசாயத் தொழிலாளி அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இடமில்லை என்று திருப்பப்பட்டதிலிருந்து எழுந்தது. நிதியில்லை என்ற காரணத்தைச் சொல்லி அவசரச் சிகிச்சை தரும் கடமையிலிருந்து அரசு விலகிக்கொள்ள முடியாது என்று அதில் நீதிமன்றம் உறுதியாகக் கூறியது. திருப்பி அனுப்பப்பட்டவரின் கோபம் ஒரு செவிலியர் மீது விழுவது குற்றம். அவரைத் திருப்பி அனுப்பும் நிலையில் மருத்துவமனையை வைத்திருப்பது அரசின் அரசமைப்புக் கடமை மீறல். நம் நிலைப்பாட்டில் இவ்விரண்டுக்கும் இடம் இருக்க வேண்டும்.

ஆகவே, குரல் உயர்த்தலுக்கும் வன்முறைக்கும் இடையே கோடு கிழிக்கும் நடைமுறை தேவை. நோயாளியின் குறையை அந்த இரவிலேயே கேட்கும் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். புகார் சொல்ல வழியில்லாத இடத்தில்தான் கை நீள்கிறது.

உள்ளிருந்து வரும் வன்முறை

வன்முறை வெளியிலிருந்து மட்டும் வருவதாக எண்ணுவதும் தவறு. 2019 மே 22 அன்று மும்பை நாயர் மருத்துவமனையின் முதுநிலை மாணவரும் பழங்குடிப் பெண்ணுமான மருத்துவர் பாயல் தத்வி தற்கொலை செய்துகொண்டார். மூத்த மருத்துவர்கள் மூவர் சாதி ரீதியாகத் துன்புறுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் வழக்குப் பதிவானது. மருத்துவமனையின் அடுக்குமுறையில் கீழே இருப்பவரை மேலே இருப்பவர் இழிவுபடுத்துவதும் பணியிட வன்முறையே. ஆர்.ஜி.கர் வழக்கில் தண்டிக்கப்பட்ட சஞ்சய் ராய் காவல்துறையோடு இணைந்து பணியாற்றிய தன்னார்வலர்; மருத்துவமனைக்குள் தடையின்றி வந்துபோனவர். வெளியார் கூட்டத்தை மட்டும் தடுக்கும் கதவு இத்தகைய ஆபத்துகளைத் தடுக்காது.

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் ஒப்பந்தப் பணியாளரையும் ‘பணியாளர்’ என்றே கொள்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாற்றும் இடத்தில் உள்ளகக் குழு அமைய வேண்டும். அக்குழு உறுப்பினர்களின் பெயர் துப்புரவுப் பணியாளர் உடைமாற்றும் இடத்தில் தமிழில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாலே, சட்டம் எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளும் கவனத்துக்குரியவை. கழிவைக் கையாளும் அனைவருக்கும் மஞ்சள்காமாலை பி, டெட்டனஸ் தடுப்பூசிகள், பாதுகாப்புக் கருவிகள், ஆண்டுக்கு ஒருமுறையேனும் உடல் பரிசோதனை ஆகியவற்றை உறுதி செய்வது மருத்துவமனையின் பொறுப்பு. ஊசி குத்திய கையோடு பணியைத் தொடரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த விதி இருப்பதே சொல்லப்படுவதில்லை.

தடுப்பு என்றால் என்ன?

நம் கோரிக்கைகளைத் தெளிவாக வகுத்துக்கொள்வது நலம்.

1. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, துப்புரவுப் பணியாளர், பாதுகாவலர், நோயாளிகளை இடம் மாற்றுவோர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், அவசரகால மருத்துவ நுட்புநர் ஆகியோரைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். நிரந்தரப் பணியா ஒப்பந்தப் பணியா என்ற வேறுபாடு கூடாது. 2019ஆம் ஆண்டின் உலகத் தொழிலாளர் அமைப்பு உடன்பாடு எண் 190 இதே கொள்கையைக் கொண்டிருக்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

2. புகார் கொடுக்கும் பொறுப்பு நிறுவனத்துடையதாக வேண்டும். தாக்குதல் நடந்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே புகார் அளிக்க வேண்டும் என்று ஒன்றிய சுகாதாரத் துறை 2024 ஆகஸ்டில் தன் மருத்துவ நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இதே நெறி ஆரம்ப சுகாதார நிலையம் வரை, ஒப்பந்தப் பணியாளர் மீதான தாக்குதலுக்கும் பொருந்துமாறு தமிழ்நாடு அரசாணை வெளியிட வேண்டும்.

3. விபத்துப் பதிவேடு எழுதும் மேசை கூட்டத்திலிருந்து பிரிக்கப்பட வேண்டும். சாதி மோதல் காயங்கள் வரும்போது இரு தரப்பினரும் தனித்தனி இடத்தில் இருத்தப்பட வேண்டும். புறக்காவல் நிலையத்தில் இரவிலும் ஆள் இருக்க வேண்டும். ஆனால் காவலர் மருத்துவரின் தோளுக்குப் பின்னால் நின்று பதிவை வழிநடத்தக் கூடாது.

4. அவசரப் பிரிவில் உறவினரோடு பேசுவதற்கென்றே ஒருவர் ஒவ்வொரு பணிநேரத்திலும் நியமிக்கப்பட வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கும் முறையை விளக்கும் பலகை தமிழில் வாசலிலேயே இருக்க வேண்டும். பின்னால் வந்தவரை முதலில் உள்ளே அழைப்பது ஏன் என்று தெரியாதவருக்கு அது பாரபட்சமாகவே தோன்றும். சாதியால் பலமுறை புறந்தள்ளப்பட்டவருக்கு அந்த ஐயம் எழுவது இயல்பும்கூட.

5. மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது, அனுப்பும் மருத்துவமனை பெறும் மருத்துவமனையோடு பேசி, அக்குறிப்பை உறவினரிடம் எழுத்தில் தர வேண்டும்.

6. ஊதியம் தர ஒப்பந்த நிறுவனம் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே அதற்குப் பொறுப்பு. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த இந்த நெறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. மருத்துவமனை நிர்வாகம் ‘அது காண்ட்ராக்டர் விவகாரம்’ என்று கைகழுவ முடியாது.

நாம் உடனே செய்யக்கூடியவை

சட்டத் திருத்தம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்த மாணவரும் மனுச் செய்யலாம். 30 நாள்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். பெரியகுளம் மாவட்டத் தலைமை மருத்துவமனை, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வத்தலகுண்டு அரசு மருத்துவமனை ஆகிய மூன்றின் பொதுத் தகவல் அலுவலர்களிடமும் கீழ்க்காணும் விவரங்களைக் கேட்கலாம்.

கடந்த ஐந்தாண்டுகளில் பணியாளர் மீதான தாக்குதல்கள் எத்தனை பதிவாகின? அவற்றில் எத்தனைக்கு நிர்வாகம் புகார் அளித்தது? தாக்கப்பட்டவர்களில் ஒப்பந்தப் பணியாளர் எத்தனை பேர்? எத்தனை வழக்குகளில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்க்கப்பட்டது? அவசரப் பிரிவில் இரவுப் பணிக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை? ஒப்பந்தப் பணியாளரில் தடுப்பூசி போடப்பட்டவர் எத்தனை பேர்? உள்ளகக் குழுவின் உறுப்பினர்கள் யார்?

ஊரில் வன்கொடுமை நிகழ்ந்தால் காயமுற்றவரோடு மருத்துவமனைக்குச் செல்லும் தோழர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. கூட்டமாக உள்ளே நுழையக் கூடாது. நிதானமாகப் பேசக்கூடிய இருவர் மட்டும் உடன் இருந்தால் போதும். காயமுற்றவர் தானே நடந்ததைச் சொல்ல வழிவிட வேண்டும். தாக்கியவர்களின் எண்ணிக்கை, ஆயுதம், அறிமுகமானவர்களா என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லச் செய்ய வேண்டும். பதிவேட்டு எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவில் பிழை இருப்பதாகத் தோன்றினால் மேசையைச் சூழ்ந்து வாதிடாமல், நிலைய மருத்துவ அலுவலருக்கு அன்றே எழுத்து வடிவில் மனுக் கொடுக்க வேண்டும். அந்த மனு பின்னாளில் நீதிமன்றத்தில் பயன்படும். அங்கே பணியிலிருக்கும் துப்புரவுத் தொழிலாளியும் செவிலியரும் நம் எதிரிகள் அல்லர். பெரும்பாலும் நம் தெருவைச் சேர்ந்தவர்கள்.

மருத்துவர் சங்கங்களோடும் நாம் பேச வேண்டும். தங்கள் பாதுகாப்புக்காகத் தெருவில் இறங்கும் அவர்கள், அதே தாக்குதலில் அடிபடும் ஒப்பந்தப் பணியாளரின் பெயரையும் கோரிக்கை மனுவில் சேர்க்க வேண்டும் என்று கேட்பது நியாயமானதே. துப்புரவுத் தொழிலாளர் சங்கங்களும் தலித் இயக்கங்களும் மருத்துவர் சங்கங்களும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் நாள் தேனியில் வருமானால், அரசு அதைப் புறந்தள்ளுவது கடினம். அந்த மனுவை எழுதும் வேலையை இந்த மாதமே தொடங்கலாம்.